ஏழாம் நம்பர் மேட்டுக்கு ஒரு கார்

எங்கள் ஊரில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும். மளிகைக் கடை வரிசையில், தேவாலய வாசலில், சவ்னா என்கிற நீராவிக் குளியல் அறையில் ஆவி பறக்க வியர்த்துக்கொண்டிருக்கும்போது என்று எங்கே போனாலும் யோசனை சொல்ல ஆள் வந்துவிடும். நிறம், வேகம் பற்றியெல்லாம் யாரும் பேசமாட்டார்கள். ஜனவரிப் பனியில் ஓடுமா என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்விக்குக் கடைசித் தீர்ப்பு சொல்லும் இடம் என் பட்டறை. முப்பத்தோரு வருஷமாக இங்கே வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன், டயரும் விற்கிறேன். இந்தக் கோர்டன் பென்ஹேல் ஒரு வண்டியைச் சரி என்று சொன்னால் சரி. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பெருமைதான்.

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரே ஆள் ஹில்யா லாக்ஸோ. என்னோடு பள்ளியில் படித்தவள். ஐம்பத்தெட்டு வயது, என் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒரு கல்யாணம் செய்து பார்த்தாள், ஒத்துவரவில்லை. அதன்பின் ஒரு நாய், அதுவும் அவளை மாதிரியே யாரையும் மதிக்காது. இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்ப் போடுகிறாள்.

எங்கள் பக்கம் கிராமத்துத் தபாலைச் சொந்தக் காரில்தான் கொண்டுபோக வேண்டும். பெட்டிகள் எல்லாம் சாலையின் வலது ஓரத்தில் கம்பத்தின் மேல் இருக்கும். ஸ்டியரிங்கோ இடது பக்கம். அதனால் ஹில்யா வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை அந்தப் பக்கம் நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஜன்னல் வழியே கடிதத்தைப் பெட்டிக்குள் தள்ளுவாள். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு ஓட்டுநரே இல்லாமல் கார் போவது போலத் தெரியும். ஒரு நாளைக்கு அறுபத்தோரு மைல், இருநூற்று நான்கு பெட்டி. இருநூற்று நான்கு முறை நிறுத்தி, இருநூற்று நான்கு முறை கிளம்ப வேண்டும். இதைப் பனியில், ஒரு காலை நீட்டிக்கொண்டு! நான் ஒருநாள் என் பட்டறை வாசலில் அப்படி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பம்பை இடிக்க இருந்தேன்.

அக்டோபரில் அவளுடைய பழைய காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். வேகவைத்த உருளைக்கிழங்கில் இறங்குவது போலப் பிடிவரை உள்ளே இறங்கியது. பனி உருகச் சாலையில் போடும் உப்பு அத்தனையும் தின்று தீர்த்திருந்தது.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

"தாங்கறதா? இப்பவே ஒரு ஜெபம் பண்ணிப் பொதைச்சிடு."

அவள் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். தபால் மேலிடத்திலிருந்து அவளுக்கே வந்த தபால். ஏழாம் நம்பர் மேட்டில் இருக்கும் ஐந்து பெட்டிகளைப் பற்றியது. அந்தக் காலத்துச் செம்புச் சுரங்கத்தின் ஏழாம் குழிக்குப் போட்ட சாலை அது. அரை மைல், நடுவில் ஒரு வளைவு, கூரையில் ஏறுவது போலச் செங்குத்து. போன குளிர்காலத்தில் ஒன்பது நாள் அவளுடைய கார் அதில் ஏறவில்லை. ஒன்பது நாளும் காரைக் கீழே நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் போட்டு நடந்தே ஏறியிருக்கிறாள். ஒன்பதாவது நாள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோதுதான் மேலிடத்துக்கே விஷயம் தெரிந்தது. இனி நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் எங்கள் ஆள் ஒருவர் வருவார், அவர் பார்க்க உங்கள் கார் பனியில் அந்த மேட்டில் ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து பெட்டியும் அடிவாரத்துக்கு இறக்கப்படும் என்று எழுதியிருந்தது. நியாயமான கடிதம்தான். எனக்கே குறை சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் அந்த மேட்டின் ஐந்து வீட்டில் ஒன்று இம்பி சாரேலாவுடையது. இம்பிக்கு எண்பத்து மூன்று வயது. பார்வை மங்கியதால் கார் ஓட்டுவதை விட்டு நான்கு வருஷமாகிறது. மற்ற நான்கு வீட்டிலும் வண்டி இருக்கிறது, கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். இம்பிக்குக் கீழே இறங்க முடியாது. பெட்டி இறங்கினால் அவளும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு இறங்க வேண்டியதுதான். அவள் மகன் அதற்கான காகிதங்களைத் தயாராக வைத்திருந்தான். பெட்டி போனதும் வந்துவிடு என்று அவளிடம் சொல்லியும் விட்டான்.

"எனக்கு அந்த மேட்ல ஏறுற வண்டி வேணும் கோர்ட்" என்றாள் ஹில்யா. என் பெயரை அவள் பாதியாக்கித்தான் கூப்பிடுவாள்.

"நாலு சக்கரமும் இழுக்கற வண்டி வாங்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன்.

சொன்னதோடு நிற்காமல் நானே தேடினேன். முதலில் ஓர் உயரமான ஜீப் மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நாலு சக்கரமும் இழுக்கும், இருக்கை சூடாகும். ஹில்யா வலது பக்கம் ஏறி, இடது காலை அந்தப் பக்கம் போட்டாள். இரண்டு இருக்கைக்கும் நடுவே இந்தக் காலத்து வண்டிகளில் ஒரு மேடை வைக்கிறார்களே, கியரும் காபிக் குவளைக் குழியுமாக, அதில் முழங்கால் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"டாக்டரக் கூப்பிடவா, தச்சனக் கூப்பிடவா?" என்று கேட்டேன்.

"உன் வாய்க்குத் தச்சன் போதும். ரெண்டு ஆணி அடிச்சா சரியாயிடும்" என்றாள், காலை உருவியபடி.

அடுத்தது என் மூளையின் உச்சம் என்றே நினைத்தேன். ஜப்பானில் ஓடிய ஒரு சின்ன வேன். ஸ்டியரிங்கே வலது பக்கம்! நாலு சக்கரமும் இழுக்கும். முந்நூறு மைல் தள்ளியிருந்ததை லாரியில் ஏற்றி வரவழைத்தேன். இருபத்தாறு வருஷமாகக் கோணிக்கொண்டு ஓட்டியவள் இனி நேராக உட்கார்ந்து ஓட்டலாம். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். தபால் தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பின்னால் அடுக்கினாள். பிறகு முன்னால் ஒரு பார்வை கூடப் பார்க்காமல் கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"பின்னாடி தெரியல."

"முன்னாடி போறவளுக்குப் பின்னாடி என்னடி வேல?"

"நீ முன்னாடியே பாத்துட்டு இரு கோர்ட்" என்று இறங்கிப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் அவளைப் பார்த்தால் கையசைக்கவில்லை. எங்கள் ஊரில் அது பெரிய வசவு.

நான்காம் நாள் அவளே ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். போன வருஷம் இறந்துபோன பாதிரியார் நைபெர்கின் கார். பதினைந்து வயது ஆனாலும் தேவாலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போகாதது. ஓட்ஸ் கஞ்சி நிறம். முன் இருக்கை ஒரே நீளமாக சோபா மாதிரி, கியர் ஸ்டியரிங்கின் கழுத்தில். கால் நீட்டத் தடை ஒன்றும் இல்லை, அது சரி. ஆனால் வயிறு தரையைத் தொடும் கார், முன்சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கும். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து முடிதிருத்தும் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது கார் இல்ல ஹில்யா, குளிக்கற தொட்டி. பாதிரியாரே இதுல அந்த மேட்ல ஏறினதில்ல, கீழேருந்தே ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போவாரு."

"நாலு பனி டயர் போடு. இருக்கறதுலயே மெத்துனு இருக்கறது. நாலுமே புதுசு."

"தொட்டிக்கு எதுக்குப் புது டயர்?"

"நீ டயர் விக்கறவனா, விக்க வேண்டாம்கறவனா?"

போட்டுக் கொடுத்தேன். குளிரில் இறுகாத ரப்பர், பனியைக் கவ்வும் வெட்டுகள். நல்ல டயர்தான், நானே விற்பது. ஆனால் என் சொந்த வண்டியில் நான் போட்டதில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய பிக்கப் லாரி வைத்திருப்பவன் பனி டயர் போட்டால் அது ஆண்மைக்கு இழுக்கு என்று எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் நினைக்கிறோம். வருஷம் முழுக்க ஓடும் சாதா டயர், அதுவும் மூன்று வருஷப் பழசு. அதில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, புது வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தின் காலி மைதானத்துக்குப் போவார்கள். வேண்டுமென்றே பிரேக்கை மிதித்து, சறுக்கவிட்டு, சுழலவிட்டு, வண்டியின் குணத்தைத் தெரிந்துகொள்வது இங்கே வழக்கம். ஹில்யா அங்கே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். பயந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மேலிடத்திலிருந்து ரோஷெல் டன்பார் என்ற அம்மாள் வந்தார். தெற்கே பெரிய நகரத்திலிருந்து ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்தவர். முந்தின நாள் மாலையிலிருந்து பதினாறு அங்குலம் பனி கொட்டியிருந்தது, இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பனிவாரி வண்டி காலை ஆறு மணிக்கு ஒருமுறை போனதோடு சரி. அந்த அம்மாள் என் பட்டறை வரை வந்ததே பெரிய காரியம். தபால் காரில் வேறு யாரும் ஏறக் கூடாது, ஏறவும் இடமில்லை. அவரை என் லாரியில் ஏற்றிப் பின்னால் கூட்டிவருகிறேன் என்று நானே முன்வந்தேன். ஹில்யா ஜெயிக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன். நான் சொன்னது சரி என்று நிரூபணமாக வேண்டும் என்றும் மனதார நினைத்தேன். இரண்டும் ஒரே மனதில் எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள், இருந்தன.

மேட்டின் அடிவாரத்துக்கு வந்தோம். இருபுறமும் பனிவாரி தள்ளிய வெள்ளைச் சுவர், என் லாரியின் கூரை உயரம். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். அது மேலே போகப்போக வானமும் சாலையும் ஒரே வெள்ளையாகி எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நான் இங்கேயே பிறந்தவன். எனக்கே கண் கூசியது. அந்த அம்மாள் ஏதோ மெல்ல முணுமுணுத்தார், ஜெபமாக இருக்கலாம்.

முன்னால் போன ஹில்யாவின் கார் நின்றது. பிறகு அடிவாரத்து அகலமான இடத்தில் மெதுவாகத் திரும்பியது. ஓட்ஸ் கஞ்சி நிற மூக்கு எங்களைப் பார்த்தது.

இம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. "அவ்வளவுதான் மேடம். திரும்பிட்டா" என்றேன். நிரூபணம் ஆனதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை.

"எங்க திரும்பினாங்க?" என்றார் அவர். "பின்னாடி போறாங்களே!"

பார்த்தேன். கார் முகம் எங்களைப் பார்த்தபடி இருக்க, பின்பக்கமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வலது இருக்கையில் ஹில்யாவின் பச்சைக் கம்பளித் தொப்பியின் பின்பகுதிதான் தெரிந்தது. அவள் உடம்பை முழுக்கத் திருப்பி, பாதிரியார் காரின் அகலமான பின்கண்ணாடி வழியே மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை இருக்கையின் முதுகைப் பிடித்திருந்தது. இடது கை ஸ்டியரிங்கை நூலளவு நூலளவாகத் திருப்பியது.

முன்சக்கரம் இழுக்கும் கார் மேட்டில் நேராக ஏறினால் பாரம் பின்னால் சாய்ந்துவிடும், இழுக்கிற சக்கரம் லேசாகிச் சுழலும். பின்பக்கமாக ஏறினால் பாரம் முழுக்க இழுக்கிற சக்கரத்தின் மேல் இறங்கும். இது எனக்கும் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். வீட்டு வாசலில் பத்தடி ஏற அப்படிச் செய்வோம். அரை மைல்! வளைவோடு! ஒரு காலை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, கழுத்தை முறுக்கிக்கொண்டு! நாய்த்தீனி மூட்டை மாதிரி கனமான பார்சல்களை எல்லாம் அவள் முன்பக்கம் காலடியில் அடுக்கியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. என் ஜப்பான் வேனில் உட்கார்ந்து அவள் எதைப் பார்த்தாள் என்பதும் அப்போதுதான் என் மண்டைக்கு எட்டியது. நவம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வராமல் இந்த மேட்டில் பழகியிருக்கிறாள். ஐந்து வீட்டுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர் ஃபின்லாந்து வம்சத்தாரிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தால் அது கிணற்றில் போட்ட கல்தான்.

வளைவில் ஒருமுறை கார் பக்கவாட்டில் கொஞ்சம் நழுவியது. அவள் காலைத் தூக்கினாள், ஒரு மூச்சு விட்டாள், மறுபடி மிதித்தாள். கார் நேரானது. அப்படியே ஏறி அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தது. நான் முப்பத்தோரு வருஷம் வண்டிகளோடு வாழ்ந்தவன். ஒரு வண்டியை ஒருவர் ஓட்டுவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வந்தது அன்றைக்குத்தான்.

நாங்களும் ஏறினோம். என் லாரி சிரமமே இல்லாமல் ஏறியது. அதில் எனக்குக் கொஞ்சம் மானம் திரும்பியது. மேலே திரும்பும் இடத்தில் வட்டமடித்து, அவள் பின்னால் இறங்க ஆரம்பித்தேன். பெட்டிகள் எல்லாம் இறங்கும் பக்கம்தான், அவள் வலது கைக்கு எட்டும்படி. முதல் பெட்டி. கார் ஓடி வந்து, சத்தமே இல்லாமல், பெட்டியின் வாய்க்கு நேராக நின்றது. கடிதம் உள்ளே போனது, மூடி சாத்திக்கொண்டது. இரண்டாவது இம்பியின் பெட்டி. அதற்கும் அப்படியே நின்றது.

நானும் பிரேக்கை மிதித்தேன். லாரி நிற்கவில்லை.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு நாலு சக்கரமும் சறுக்கவும் தெரியும் என்பதை நான் வாடிக்கையாளர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று டன் இரும்பு, பழைய டயரில், ஹில்யாவின் பின்கண்ணாடியைப் பார்த்து அமைதியாக வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஐயோ மேடம், பிடிச்சுக்கங்க!" என்று கத்திவிட்டு ஸ்டியரிங்கை வலது பக்கச் சுவருக்குத் திருப்பினேன். பொத்தென்று புதைந்தோம். அந்த அம்மாளின் ஜன்னல் முழுக்கப் பனி. அதன் வழியே வந்த வெளிச்சம் நீலமாக இருந்தது. அவர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவு அழகா இருக்கும்னு யாரும் சொல்லல" என்றார். அடிபடவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

ஹில்யா திரும்பிப் பார்த்தாள், இறங்கவில்லை. அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். திட்டினேன். அவள் அங்கேயே நின்றிருந்து, என் லாரி சுவரிலிருந்து விடுபட்டு இன்னும் சறுக்கியிருந்தால் என்னாகியிருக்கும் என்று யோசித்ததும் திட்டுவதை நிறுத்தினேன்.

என் பக்கக் கதவு வழியாக இருவரும் ஊர்ந்து வெளியே வந்தோம். பெட்டியருகே இம்பி நின்றிருந்தாள். சுத்தமான நீலக் கோட்டு, உதட்டில் சாயம், கையில் பனி தள்ளும் பெரிய முறம்.

"யாரு, கோர்டனா? இத்தன பெரிய வண்டிய வச்சுக்கிட்டா?" என்றாள். பிறகு அந்த அம்மாளைக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். "நீ யாரு கண்ணு? இவனுக்குச் சொந்தமா?"

"இல்லம்மா, கூட வந்தேன்."

"நல்ல நாள் பாத்து வந்த போ. இன்னைக்கு ஆபீஸ்லேருந்து யாரோ வர்றாங்க, எங்க பெட்டியப் பாக்க. வந்தா எங்கிட்டயும் கேப்பாங்களோன்னு நானும் காலைலேருந்து நிக்கறேன். கேக்க மாட்டாங்க போல."

"கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் அந்த அம்மாள்.

இம்பி முறத்தை ஊன்றிக்கொண்டாள். "எனக்கென்ன பெரிய தபால் வருது? கரண்டு பில்லு, விளம்பரத் தாளு. ஆனா இந்த ஹில்யா கண்ணாடிய எறக்கி, 'இம்பி, இருக்கியா?'ன்னு கேப்பா. 'இருக்கேன்'னு நான் சொல்லணும். அதுக்காகத்தான் காலைல எந்திரிச்சுத் தல வாரிக்கறேன். ஞாயித்துக்கெழம யாரும் கேக்கறதில்ல, அன்னைக்கு வாரறதில்ல."

அந்த அம்மாள் இம்பியின் கையிலிருந்து முறத்தை வாங்கி, பெட்டியின் முன்னால் என் லாரி தள்ளிவிட்டிருந்த பனியை அள்ள ஆரம்பித்தார். நகரத்துக் கை, பாதி பனி அவர் பூட்சிலேயே விழுந்தது. ஆனால் அந்த இடம் சுத்தமாகும் வரை விடவில்லை.

லாரியை அங்கேயே விட்டுவிட்டு, மற்ற மூன்று பெட்டி முன்னாலும் கார் நின்ற தடத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் நடந்து இறங்கினோம். ஐந்தாவது பெட்டியையும் முடித்துவிட்டு ஹில்யா அடிவாரத்தில் காத்திருந்தாள். அந்த அம்மாள் நனைந்த சோதனைப் படிவத்தை எடுத்து, காரின் கூரை மேல் வைத்து எழுதினார்.

"மேட்ல ஏறிச்சு. எறங்கிச்சு. அஞ்சு பெட்டியிலயும் நின்னுது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எந்தப் பக்கம் பாத்து ஏறிச்சுன்னு இதுல கேள்வி இல்ல. பெட்டிங்க இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

ஹில்யா தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் நகர்ந்ததும் நான் ஜன்னலருகே போனேன். ஒரு மன்னிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன், நீளமானது. அதற்குள் அவள் வலது கையின் உறையைக் கழற்றிவிட்டுக் கையை வெளியே நீட்டினாள்.

"பயந்துட்டேன் கோர்ட். ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. பனி எங்கள் கைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் சூடானதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"சரி விடு. இன்னும் நூத்தி எழுபத்தாறு பெட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கண்ணாடியை ஏற்றவில்லை. அடுத்த பெட்டி நூறு கெஜத்தில்தான் இருந்தது.